அலசிப் போட்ட சேலை

மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊர்த் திருவிழாவில் நாடகம் பார்த்தேன். கல்யாணமாகி மூன்று வருடமே ஆன இளைய மருமகள் செத்துக் கிடக்கிறாள். மூத்த மருமகள் அழுதுகொண்டே வாந்தி பட்ட சேலையை அலசிப் போடுகிறாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறாள், செத்தவளுக்குத் தலைவாரிப் பூ வைக்கிறாள். வாசலில் மீன்காரி. முந்தாநாள்தான் செத்தவளோடு சீட்டுக்காசுக்குச் சண்டை போட்டவள். "ஒண்ணையும் தொடாதீக!" என்று கத்துகிறாள். கூட்டம் மூத்தவளுக்கு உச்சுக்கொட்டியது, மீன்காரியைத் திட்டியது. வக்கீலான எனக்கோ மீன்காரியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மூத்தவள் கெட்டவள் இல்லை. ஆட்கள் வருமுன் சாவு வீட்டைத் துப்புரவாக்குவது நம் வழக்கம். ஆனால் அதில்தான் வழக்கே கரைந்துபோகிறது. உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினால் என்ன விஷம் என்று தெரியலாம். எதில் கலந்திருந்தது, யார் கை பட்டது என்பதை அந்தத் தம்ளர்தான் சொல்லும்.

கல்யாணமாகி 7 வருடத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகப்படும்படி இறந்தாலோ போலீஸ் விசாரணையோடு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 194, 196 பிரிவுகள். வரதட்சணை மரணம் என்று நிரூபணமானால் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

மீன்காரிக்கு வருகிறேன். "எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, நான் சொன்னா யாரு நம்புவா?" என்று கேட்டு ஒதுங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். சண்டை போட்டவள் சாட்சி சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. குறுக்கு விசாரணையில் அந்தச் சண்டையைக் கிளறத்தான் செய்வார்கள் (நானே கிளறுவேன்). போலீஸ் கேட்கும்போதே சண்டையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், அப்புறம் கிளற அதிகம் இருக்காது. வாக்குமூலத்துக்குப் பெண்களை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். எழுதியதில் கையெழுத்தும் போட வேண்டியதில்லை. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

நாடகம் முடிந்ததும் மூத்தவளாக நடித்த பிள்ளை கேட்டாள்: "அப்ப நான் என்னதான்க்கா செய்யணும்?"

"உயிர் இருக்குதோன்னு சந்தேகம் இருந்தாக்கூட 108க்குப் போடு. இல்லைன்னு ஆயிட்டா, போலீஸ் வர்ற வரைக்கும் கதவைச் சாத்திட்டு வாசல்ல உக்காரு. மீன்காரியையும் பக்கத்துல உக்கார வச்சுக்க."