விக்கலில் தொடங்கிய நோய்

விளவங்கோடு வட்டத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸில், வேலை. இரண்டு வாரம் விடாத விக்கலும் வாந்தியும். எண்டோஸ்கோபிவரை பார்த்தும் வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை. தானாக நின்றுவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடைந்தார்கள். இரண்டு மாதம் கழித்து வலது கண் வலித்து, மூன்றே நாளில் பார்வை மங்கிய பிறகுதான் என்னிடம் வந்தார்.

நோயின் பெயர் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே, நரம்பு மண்டலத்தில் நீரைக் கடத்தும் அக்குவாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்குகிறது. 2004-இல் அதற்கான ரத்தப் பரிசோதனைக்கு வழி பிறந்தது. பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. பார்வை நரம்பும் தண்டுவடமும் அடிபடும். மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடத்திலும் இந்தப் புரதம் நிறைய உண்டு. அந்த விக்கலுக்குக் காரணம் அதுதான்.

மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தினம் 1 கிராம் வீதம் 5 நாள் போட்டோம். போதாமல், ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றமும் செய்தோம். பார்வை ஓரளவே திரும்பியது. பிறகு, எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் அசதியோபிரின் மாத்திரை. அது முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும் என்பதால், அதுவரை ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்தே போக வேண்டும்.

ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். "இப்போது ஒன்றுமில்லையே, எதற்கு மாத்திரை?" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சில மாதங்களில் இரண்டு கால்களும் மரத்தன, சிறுநீர் கட்டியது. வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் தடவலுக்குப் போனதில் பத்து நாள் போய்விட்டது. வர்மத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சுளுக்குக்கு என் வீட்டாரும் ஆசானிடம்தான் போவார்கள். ஆனால் கால் மரத்துச் சிறுநீரும் கட்டினால் அது தண்டுவடத்தின் கூக்குரல், அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். இன்று அவர் கைத்தடி ஊன்றி நடக்கிறார். அந்தப் பத்து நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

இந்த நோயில் ஊனம் மெல்ல மெல்லச் சேர்வதில்லை. ஒவ்வொரு தாக்குதலும் எதையாவது பறித்துக்கொண்டு போகிறது. அதனால் நோய் அடங்கியிருக்கும் காலத்து மாத்திரைதான் எனக்கு முக்கியம். விலை கட்டுப்படியாகவில்லை, வயிறு எரிகிறது என்றால் சொல்லுங்கள், வேறு மருந்து பார்க்கலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான ரிட்டுக்சிமாப் ஊசியைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். அதற்கு முன் மஞ்சள் காமாலை பி, காசநோய் பரிசோதனைகள் கட்டாயம். அசதியோபிரின் சாப்பிடுகிறவர்கள் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதிக்கும் தேதியைத் தவறவிடக் கூடாது.

காய்ச்சலிலோ சிறுநீர்த் தொற்றிலோ பழைய மரமரப்பு தற்காலிகமாகக் கூடலாம். அது தாக்குதலா இல்லையா என்று வீட்டில் முடிவு செய்ய வேண்டாம், ஒரு நாளைத் தாண்டினால் வந்துவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே பேச வேண்டும். சில மருந்துகள் கருவுக்கு ஆகாது, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம்.