விடாமுயற்சியும் விடாப்பிடியும்

திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரைப் பக்கத்து விடுதியொன்றில் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) உளவளத்துணைக்காக என்னிடம் வந்தபோது முதலில் சொன்னது, "எனக்கு முயற்சி போதாது, சேர்" என்பதுதான். சித்திரை முதல் ஆவணி வரை பயணிகள் நிறைந்திருக்கும் காலத்தில், தினமும் இரவு பதினொரு மணிவரை இருந்து கணக்கை முடித்தவர் அவர். தூக்கம் குறையக் குறையக் கூட்டலில் பிழை வந்தது. பிழையைத் திருத்த மேலும் ஒரு மணிநேரம் இருந்தார். மறுநாள் பிழை இன்னும் கூடியது. இரண்டு பேருக்குரிய வேலையை ஒருவர் செய்கிறார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

2007 இல் உளவியலாளர் அஞ்சலா டக்வேர்த்தும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, நீண்டகால இலக்கை விடாமல் தொடரும் மனத்திண்மையை (grit), தளராத உழைப்பு, மாறாத ஈடுபாடு என்று இரண்டாகப் பிரித்தது. பின்னர் 2017 இல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த மீளாய்வொன்று, செயல்திறனோடு கூடுதலாகத் தொடர்புபட்டது உழைப்பே என்று கண்டது. அது பெரும்பாலும் கல்வி அடைவுகளைப் பார்த்தது என்றாலும், வேலைத்தளத்திலும் நான் காண்பது அதுவே: கடினமான பணியைப் பாதியில் கைவிடாதவருக்குத் திறனும் தன்னம்பிக்கையும் வளர்கின்றன. ஆனால் பலன் தராத வழியையே இறுகப் பற்றியிருப்பதற்கும் நாம் விடாமுயற்சி என்றே பெயர் சூட்டிவிடுகிறோம்.

அதன் விளைவு மெல்ல வரும். வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் நோயாக அல்லாமல் தொழில்சார் தோற்றப்பாடாக வரையறுத்தது. உடலும் மனமும் களைத்துப்போதல், வேலைமீது வெறுப்பும் விலகலும், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். முதலாவதை நம்மவர் "அலுப்பு" என்று தள்ளிவிடுவதால், மூன்றாவது தெரிந்த பிறகே உதவி தேடுகிறார்கள்.

வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வலை பொத்தும் மீனவரை எங்கள் ஊரில் யாரும் சோம்பேறி என்பதில்லை. அந்த இளைஞரின் தந்தையும் கடலுக்குப் போனவர் என்பதால் இதைச் சொன்னேன், அவர் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து, இரவுப் பற்றுச்சீட்டுகளை மறுநாள் காலையில் பதிவதற்கு முகாமையாளரிடம் அனுமதி வாங்கினார். பிழைகள் குறைந்தன. உதவியாளர் ஒருவரைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

தூக்கமின்மையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீடித்தால், இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 ஐ அழைத்துப் பேசலாம்.