கில்ட்டோட மடிப்பு நம்ம ஊர் காத்துல ஏன் நிக்கமாட்டேங்குது?

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்ல ஆம்பளைங்க கைலியோட கோப்பிக்கடைக்கு போறது யாருக்கும் புதுசில்ல, இப்போ சில பசங்க பெரிய பாக்கெட் வெச்ச கில்ட்டும் (ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டற, மடிப்பு வெச்ச பாவாடை மாதிரி உடுப்பு) போட ஆரம்பிச்சிருக்காங்க, 2000ல அமெரிக்காவோட சியாட்டல்ல யூட்டிலிகில்ட்ஸ்னு ஒரு கம்பெனி கிளம்பி பிரபலமாக்குன வகை, ஸ்காட்லாந்து கம்பளிக்கு பதிலா தடியான காட்டன், டிச் பட்டன். புதுசுல பின்பக்க மடிப்பெல்லாம் விறைப்பா நிக்கும், கொஞ்ச நாள்ல தொளதொளன்னு ஆயிடும். துணி மட்டம்னு திட்டாதீங்க, வேலைய காட்டுறது தண்ணி.

காட்டன்னா செல்லுலோஸ், நீள நீளமான சங்கிலி மூலக்கூறு. பக்கத்து பக்கத்து சங்கிலிய பிடிச்சு வெச்சிருக்கறது ஹைட்ரஜன் பிணைப்பு. அயன் பண்றப்ப சூடும் ஆவியும் அந்த பிடிய விடவெக்குது, சங்கிலி நகருது, காஞ்சதும் மடிஞ்ச நிலையிலயே திரும்ப பிடிச்சுக்குது. ஆனா தண்ணி பட்டா மறுபடி பிடி விட்டுரும், துவைக்கற தண்ணி மட்டுமில்ல, காத்துல இருக்கற ஈரமும் வேர்வையும்கூட அந்த வேலைய செய்யும். 65 சதவீத ஈரப்பதத்துலயே காட்டன் தன் எடையில 8 சதவீதம் தண்ணிய இழுத்துக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது, நம்ம ஊர் காத்துல ஈரப்பதம் சாதாரணமா 80 பக்கம். அதனாலதான் இங்க காட்டனும் பாலியெஸ்டரும் கலந்த துணி வாங்கறதே நல்லதுன்னு அடிச்சு சொல்வேன். பாலியெஸ்டர் 70, 80 டிகிரி தாண்டுனாதான் இளகும், அயன்ல ரெண்டு புள்ளி சூட்டுல, 150 டிகிரி வரைக்கும், ஒருவாட்டி நல்லா அழுத்தி அப்படியே ஆறவிட்டா மடிப்பு நாள் கணக்கா நிக்கும். அதே காரணத்துக்காகத்தான் டோபிக்கடை டிரையர்ல ஹாட்ல போட்டு சூடு ஆறாம கூடையில அமுக்கக்கூடாது, அந்த கசங்கலும் செட் ஆயிடும்லா.

முழு காட்டனுக்கும் ஒரு வழி இருக்கு. 1950கள்ல நியூ ஆர்லியன்ஸ்ல அமெரிக்க விவசாயத்துறை ஆய்வுக்கூடத்துல ரூத் பெனெரிட்டோவும் கூட இருந்தவங்களும் செல்லுலோஸ் சங்கிலிங்களுக்கு நடுவுல ரசாயன பாலம் போட்டாங்க. நம்ம தோட்டத்து ரப்பர் தெரியும்தானே, கந்தகம் சேத்து சூடாக்குனா இழுத்தாலும் பழைய உருவத்துக்கே வருதே, அதே கணக்குதான். சுருங்காத காட்டன் வந்ததுக்கு இந்த வேலைதான் அடிப்படை. ஆனா பாலம் போட்ட நூல் விறைச்சு பலம் குறைஞ்சுடும், அதனால தேய்மானம் மடிப்போட ஓரத்துலதான் முதல்ல தெரியும், விரல் வெச்சு தடவி பாருங்க, சாயம் வெளுத்து நூல் பிசிறு பிசிறா எழும்பியிருக்கும்.

துவைக்க முன்ன மடிப்புங்கள பெரிய பெரிய தையலா ஓட்டி வெச்சுருங்க, காஞ்சப்புறம் பிரிச்சா போதும். பச்சத்தண்ணி, உள்பக்கம் வெளிய, முறுக்கி பிழியவே கூடாது. இடுப்புப்பட்டிய நாலஞ்சு கிளிப்புல மாட்டி தொங்கவிட்டா ஈரத்துணியோட எடையே மடிப்ப நேரா இழுக்கும். பின்பக்கம் துணி அடுக்கு அடுக்கா இருக்கறதால மேல காஞ்சாலும் உள்ள ஈரம் நிக்கும், சாயங்கால மழைக்கு பயந்து அவசரமா எடுத்து அலமாரியில வெச்சா பூசணம் பிடிக்கும், அஞ்சடியில, அதாவது வீட்டு முன்னால கூரை போட்ட நடைபாதையில, காத்து வர்ற பக்கமா இன்னும் ஒரு ராத்திரி விடுங்க.

உட்காரும்போது ரெண்டு கையாலயும் பின்பக்கத்த கீழ தடவி மடிப்ப படியவெச்சு உட்காரணும், இல்லன்னா வேர்வை, உடம்புச் சூடு, எடை மூணும் சேந்து தப்பான இடத்துல மடிச்சுரும். கனமான போனையும் சாவிக்கொத்தையும் ஒரே பாக்கெட்ல போட்டா அந்தப்பக்கம் மடிப்பு விரிஞ்சுக்கும், பிரிச்சு போடுங்க. கப்சாய்ல (சின்ன மோட்டார் சைக்கிள்) போறவங்க உள்ள ஷார்ட்ஸ் போட்டு, துணிய தொடைக்கடியில நல்லா சொருகிக்கங்க, பின் ஓரம் தொங்கி செயின்லயோ சக்கரத்துலயோ மாட்டுனா பெரிய ஆபத்து.