கார்டன் கோச் – தமிழில் என்ன சொல்வது?

ரயிலில் ஏறும்போது நம்முடையது எந்தக் கோச் என்று தேடுகிறோம். கிரிக்கெட்டில் அணி தொடர்ந்து தோற்றால் முதலில் கோச்சை மாற்றச் சொல்கிறோம். இப்போது புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் ‘ஒரு கார்டன் கோச்சைக் கூப்பிட்டிருக்கிறேன்’ என்கிறார்கள். மூன்று இடத்திலும் இருப்பது ஒரே சொல்தான், ஒலிதான் ஒன்று, பொருள் வேறு என்று நினைத்துவிட வேண்டாம், வேரும் ஒன்றே.

முதலில் இந்த கார்டன் கோச் யார் என்று பார்த்துவிடுவோம். அவர் தோட்டக்காரர் இல்லை, தோட்டக்காரர் நமக்காக வேலை செய்துவிட்டுப் போவார். தோட்ட வடிவமைப்பாளரும் இல்லை, அவர் எங்கே புல்தரை, எங்கே நடைபாதை என்று வரைபடம் போட்டுத் தருவார். கார்டன் கோச் நம் இடத்துக்கே வந்து, வெயில் எந்தப் பக்கம் எத்தனை மணி நேரம் விழுகிறது, மண் எப்படி இருக்கிறது, வாரத்துக்கு எவ்வளவு நேரம் நம்மால் ஒதுக்க முடியும் என்றெல்லாம் கேட்டுப் பார்த்து, நம்மைக் கொண்டே வேலையைச் செய்ய வைத்துக் கற்றுக்கொடுப்பவர். ஒன்றிரண்டு மணி நேரம் இருப்பார், அப்புறம் பருவம் மாறும்போது இன்னொரு தடவை வருவார். மண்வெட்டி கடைசி வரைக்கும் நம் கையில்தான் இருக்கும். இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடும்போது இதை மறக்கக் கூடாது.

சரி, கோச் எங்கிருந்து வந்தது? ஹங்கேரியில் கோச் என்றே ஒரு ஊர் இருக்கிறது, வியன்னாவுக்கும் புடாவுக்கும் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) இடைப்பட்ட பழைய பாதையில். 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் வேகத்துக்கும் சொகுசுக்கும் பேர் போனவை, அதனால் ‘கோச் ஊர் வண்டி’ என்று ஆரம்பித்து, பிறகு வண்டிக்கே ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனில் குட்ஷே, பிரெஞ்சில் கோஷ், 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் கோச். பழைய தமிழ் எழுத்தில் வரும் கோச்சு வண்டியும், இன்றைய ரயில் கோச்சும் இந்த வழியில் வந்தவைதான். 1830-களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வுக்குத் தயார் செய்யும் தனி ஆசிரியரைக் கோச் என்று கொச்சையாகக் கூப்பிட்டார்கள், வண்டி மாதிரி நம்மைத் தேர்வின் அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்ற பொருளில். 1860-களில் அது விளையாட்டுக்குப் போனது. பிற்காலத்தில் வாழ்க்கை, தொழில், தோட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டு ஆகிவிட்டது.

கார்டன் என்பதன் அடிப்பொருள் அடைப்பு, அதாவது வேலி போட்ட இடம். முற்றத்தைக் குறிக்கும் யார்ட் என்ற சொல்லும் அதற்கு உறவுதான். தமிழில் தோட்டம் இருக்கும்போது இதில் நாம் தவிக்க ஒன்றும் இல்லை.

தவிப்பெல்லாம் கோச்சில்தான். ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய் விடும் வண்டி என்ற உருவகம் செடி விஷயத்தில் எனக்குப் பொருந்தவே இல்லை. நான் தொட்டியில் வைத்த தக்காளி நாற்றுகள் ஒவ்வொன்றாக வாடிக்கொண்டே வந்தபோது, தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், அவை இன்னும் வாடின. நான் கூப்பிட்டுப் பார்க்க வந்த கார்டன் கோச் அம்மா செடியைத் தொடவே இல்லை. “தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க” என்றார். மேலே காய்ந்து வெடித்திருந்த மண், உள்ளே சேறாக இருந்தது. ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னார், வேர் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து வந்தது, அழுகல் வாடை வேறு. மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீரே நின்றுவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் செத்தால் எவ்வளவு ஈரம் இருந்தாலும் இலைக்கு நீர் ஏறாது, அதனால்தான் நனைந்த தொட்டியிலும் செடி தாகத்தில் வாடுவது போலவே வாடும். இதை நான் எங்கோ படித்தும் இருந்தேன். ஆனால் என் விரலில் அந்தச் சேறு ஒட்டிய பிறகுதான் புரிந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். தோட்ட ஆலோசகர் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆலோசகர் வந்து பார்த்து, சொல்லிவிட்டுப் போகிறவர், கூட நின்று பழக்குகிறவர் என்ற பொருள் அதில் வராது. வழிகாட்டி நல்ல சொல், ஆனால் ஆளையும் குறிக்கும், கையேட்டையும் குறிக்கும். பயிற்சியாளர் விளையாட்டுச் செய்திகளில் கோச்சுக்கு நிலைத்துவிட்டது, தவறும் இல்லை, ஆனால் அதில் ஒரு சிக்கல்: பயிற்சி கொடுப்பவரையும் அப்படிச் சொல்கிறோம், அலுவலகங்களில் பயிற்சி பெற வந்தவரையும் அப்படியே சொல்லிவிடுகிறோம். ‘தோட்டப் பயிற்சியாளர் வந்திருக்கிறார்’ என்றால் கற்க வந்தாரா, கற்பிக்க வந்தாரா?

அதனால் நான் பரிந்துரைப்பது தோட்டப் பயிற்றுநர். பயில் என்பது தன்வினை, தானே பழகுவது. பயிற்று என்பது பிறவினை, இன்னொருவரைப் பயில வைப்பது. பயில் என்ற வேருக்குத் திரும்பத் திரும்பச் செய்து பழகுதல் என்பதோடு, நெருங்கியிருத்தல், அடர்ந்திருத்தல் என்ற பழைய பொருளும் உண்டு. ஒன்றோடு நெருங்கிப் பழகிப் பழகிக் கைவருவதுதான் பயிற்சி என்றால், செடி வளர்ப்புக்கு அதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல்லை நான் பார்த்ததில்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள், ‘பயிற்றுனர்’ என்று றன்னகரம் போட வேண்டாம். ஓட்டுநர், இயக்குநர், கடிதத்தில் வரும் அனுப்புநர், பெறுநர் எல்லாம் வினைப்பகுதியோடு ‘நர்’ விகுதி சேர்ந்தவை, பயிற்றுநரும் அப்படித்தான். தோட்டம் என்பதன் கடைசி மகரம் போய், ப் மிகும்: தோட்டப் பயிற்றுநர். பேச்சில் கார்டன் கோச் என்றே சொன்னாலும் யாருக்கும் புரியும், அதில் எனக்குச் சண்டை இல்லை. எழுத்தில் மட்டுமாவது தமிழைப் புழங்கிப் பார்க்கலாமே.

கற்றுக்கொள்கிறவருக்கும் அதே வேரில் ஒரு சொல் தயாராக இருக்கிறது, பயிலுநர். அடுத்த தடவை வந்தபோது அந்த அம்மா ரோஜாவைக் கவாத்து செய்யக் கத்தரியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக வெட்டு என்பது மட்டும்தான் அவர் சொன்னது. முதல் கிளையில் வெகு நேரம் தயங்கினேன், நாலாவது கிளைக்கு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பயிற்றுநர் அவர், பயிலுநர் நான்.