குச்சியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள்?

டிரம்ஸ் பழக ஆரம்பித்த சில வாரங்களில் ஆள்காட்டி விரலில் கொப்புளம் வரும், முன்கை கல் போல இறுகும். "நிறைய வாசிச்சா அப்படித்தான்" என்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தொடர்பவர்களே அதிகம். கையில் வலி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிடியைத்தான்.

இழுத்துக் கட்டிய டிரம் தோலில் பட்ட குச்சி தானாகவே மேலே எகிறும். அதற்கு விரல்கள் வழிவிட்டால் அடுத்த அடிக்குக் குச்சியைத் தூக்கும் வேலை பாதி மிச்சம். இறுக்கிப் பிடித்தால் எகிறும் விசை முழுவதும் விரலிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது, குச்சியையும் நாமே தூக்க வேண்டியிருக்கிறது. ஓசை அமுங்கும், குச்சியும் சீக்கிரம் உடையும்.

எந்த இடத்தில் பிடிப்பது என்பதைக் குச்சியே காட்டிவிடும். கட்டைவிரலின் சதைப்பகுதிக்கும் ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக்கும் நடுவே குச்சியை லேசாக வையுங்கள். மற்ற மூன்று விரல்களையும் விலக்கிவிட்டு, நுனியை ரப்பர் பேடுக்கு (பயிற்சிக்கான ரப்பர் தட்டு) மேல் அரை அடி உயரத்திலிருந்து விழவிட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தித் திரும்பச் செய்யுங்கள். அதிகம் துள்ளும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 16 அங்குலக் குச்சியில் இது பெரும்பாலும் அடிமுனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அமையும். கையின் அளவைப் பொறுத்துச் சற்று மாறும்.

இப்போது மற்ற விரல்களை மெதுவாகக் குச்சியைச் சுற்றி மடக்குங்கள். அவை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், நெரிக்கக் கூடாது. யாராவது நுனியைப் பிடித்து இழுத்தால் குச்சி கையை விட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவு இளக்கம் போதும். சுண்டுவிரல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பதும், ஆள்காட்டி விரல் குச்சியின் மேல் நேராகப் படுத்துக்கிடப்பதும் அடிக்கடி காணும் தவறுகள். இரண்டிலும் சுமை முழுவதும் கட்டைவிரலின் அடிப்பகுதிக்குப் போய்விடும்.

உள்ளங்கை தரையைப் பார்த்தால் ஜெர்மன் பிடி: மணிக்கட்டு வேலை செய்யும், அடி பலமாக விழும். கட்டைவிரல் வானத்தைப் பார்த்தால் பிரெஞ்சுப் பிடி: விரல்களே ஓட்டும், ரைடு சிம்பலில் (தாளம் ஓட்டும் பெரிய உலோகத் தட்டு) வேகமாக வாசிக்க உதவும். இரண்டுக்கும் நடுவே கையைச் சாய்த்தால் அமெரிக்கப் பிடி. தொடங்குபவர்களுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம்; மற்ற இரண்டுக்கும் இங்கிருந்து எளிதாகப் போகலாம்.

இடது கையில் மட்டும் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும் மரபுப் பிடி, இராணுவ அணிவகுப்பிலிருந்து வந்தது. வாரில் தொங்கிய டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் இடது கை அப்படித் திரும்ப வேண்டியிருந்தது. ஜாஸ் கலைஞர்கள் அதைத் தொடர்ந்தார்கள். 1964இல் பீட்டில்ஸ் குழுவின் டிரம் கலைஞர் ரிங்கோ ஸ்டார் இரு கைகளிலும் ஒரே பிடியுடன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்ததைப் பார்த்து ராக் கலைஞர்கள் பலர் மாறிக்கொண்டார்கள். உங்கள் டிரம் சாய்ந்து தொங்கவில்லை என்றால், அழகுக்காக மரபுப் பிடியை எடுக்க வேண்டாம்.

பிடி சரியாக இருந்தும் கை இறுகினால் குச்சியின் பருமனைப் பாருங்கள். கடையில் 5ஏ, 7ஏ என்று அளவுக் குறியீடு இருக்கும்: 5ஏ ஏறக்குறைய 14.4 மில்லிமீட்டர், 7ஏ அதைவிட மெல்லியது, சிறுவர்களுக்கு ஏற்றது. பெரிய கையில் மெல்லிய குச்சி இருந்தால் விரல்கள் தாமாகவே நெரிக்கும். வியர்க்கும் கையும் அப்படித்தான், வழுக்கும் என்ற பயத்தில் இறுக்கும். பிடிக்கும் இடத்தில் வார்னிஷை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் வழுக்கல் குறையும். கால்களுக்கு நடுவே இருக்கும் ஸ்னேர் டிரம் உயரமாக இருந்தால் தோள் தூக்கும், தாழ்வாக இருந்தால் மணிக்கட்டு மடங்கும். முழங்கை விலாப்பக்கம் தளர்ந்து தொங்கும்படி உயரத்தை வையுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தலையணையில் மட்டுமே பழகுபவர்கள் கவனிக்க வேண்டும். தலையணையில் குச்சி எகிறாது. ஒவ்வொரு அடிக்கும் தூக்கிப் பழகிய கை, டிரம்மிலும் அதையே செய்யும். ரப்பர் பேடில் பழகுங்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு கைக்கு 8 அடி, மறு கைக்கு 8 அடி என 5 நிமிடம். எதிரே கண்ணாடி இருந்தால் இரண்டு குச்சிகளும் ஒரே உயரத்துக்கு எழுகின்றனவா என்று தெரியும். கை இளக்கமாக இருந்தால் மட்டும் வேகத்தை 5 கூட்டுங்கள். முன்கை எரிந்தால் நிறுத்திக் கையை உதறிவிட்டுக் குறையுங்கள்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது கட்டைவிரல் பக்கத்தில் சுரீரென்று வலித்தால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது, அதிலும் இரவில் தூக்கத்தைக் கெடுப்பது, மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள். எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்கப் போகும்போது குச்சிகளையும் எடுத்துச் சென்று, எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று அவர் முன் வாசித்துக் காட்டுங்கள்.