துறைமுக ஆணையம்: சொல் விளக்கம்

கிரானைட் ஏற்றும் லாரிக்காரர்கள் தூத்துக்குடியை இன்னும் ‘போர்ட் டிரஸ்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். 1963-ம் ஆண்டுச் சட்டம் தந்த அந்தப் பெயர் 2021 நவம்பரோடு போய்விட்டது. பெருந்துறைமுகம், அதாவது மத்திய அரசின் கீழ் உள்ள பெரிய துறைமுகங்களுக்கான பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் நடப்புக்கு வந்தபின், அது வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையம்.

துறை என்றால் நீரில் இறங்கும் இடம். மதுரை பேச்சியம்மன் படித்துறையில் உள்ள துறையும் அதுவே. முகம் என்பது வாய், நுழைவிடம்: கழிமுகம், முகத்துவாரம். பாண்டியரின் கொற்கையைச் சங்கப் பாடல் ‘பெருந்துறை’ என்கிறது. போர்ட், ஹார்பர் இரண்டுக்கும் துறைமுகம் என்ற ஒரே சொல் போதும்.

டிரஸ்ட்தான் இடறியது. பலர் ‘அறக்கட்டளை’ என்று எழுதினார்கள், அது பிழை. கோயில் சொத்துக்கு அறங்காவலர் எப்படியோ, அப்படித் தமக்குச் சொந்தமில்லாததைப் பொதுமக்களுக்காகக் காப்பவர்களின் குழு என்பதே பொருள். ‘பொறுப்புக் கழகம்’ அதை அழகாகச் சொன்னது. இன்றைய ‘ஆணையம்’ அதிகாரத்தை மட்டும் சொல்கிறது. தேர்தல் ஆணையம் போன்றவற்றோடும் குழம்புகிறது. இலங்கையில் ‘அதிகார சபை’ என்கிறார்கள். நம் அலுவலக வழக்கு ஆணையம் என்றாகிவிட்டதால் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். ஆனால் பொறுப்பு என்ற சொல் போனது இழப்புதான்.

ஆணையத்தின் வேலை நிலத்தையும் நீரையும் பார்த்துக்கொள்வது: கப்பல் வரும் கால்வாயைத் தூர்வாருவது, அலைதடுப்புச் சுவர், கப்பல் அணையும் தளங்கள், கப்பலை வழிநடத்தி உள்ளே கொண்டுவரும் பைலட், இழுவைப் படகு, நிலக் குத்தகை. கன்டெய்னர் முனையங்களைத் தனியார் நடத்துகிறார்கள். சோதனை சுங்கத்துறையின் வேலை. மீன்பிடித் துறைமுகம் மீன்வளத் துறையிடம்; பாம்பன், ராமேஸ்வரம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடம்.

இது தெரியாமல்தான் மனுக்கள் இடம் மாறிப் போகின்றன. கிரானைட் ஏற்றுமதியையே பாருங்கள். கிரானைட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன். 20 அடி கன்டெய்னரில் 33 கன மீட்டர் இடமிருந்தும் சுமார் 10 கன மீட்டரிலேயே எடை நிறைந்துவிடும். சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது 2016 ஜூலை முதல் உலக விதி. எடையைத் தரவேண்டியவர் ஏற்றுமதியாளர். அது தாமதமாகிப் பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டால் ஆணையத்திடம் முறையிட்டுப் பயனில்லை. முனையத்தில் பெட்டி கிடந்ததற்கான வாடகையை முனையமும், பெட்டியைத் திருப்பித் தராத நாட்களுக்கான கட்டணத்தைக் கப்பல் நிறுவனமும் கேட்கும்.

ஊராருக்கு ஆணையத்தோடு நேரடித் தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. துறைமுக எல்லைக்குள் அது வகுக்கும் பெருந்திட்டம் உள்ளாட்சித் திட்டத்தோடு முரண்பட்டால், ஆணையத்தின் திட்டமே செல்லும். கல்வி, மருத்துவம், வீட்டுவசதிக்குத் தன் நிதியைச் செலவிடவும் 2021 சட்டம் இடம் தருகிறது. நிர்வாகக் குழுவில் மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்பு, சுங்கம் ஆகியவற்றுக்கு ஆளுக்கோர் இடமும், ஊழியர்களுக்கு இரண்டு இடமும் உண்டு. மீனவருக்கென்று தனி இடம் இல்லை. அவர்கள் குரல் அங்கே போக மாநில அரசின் உறுப்பினர் ஒரு வழி. அதனால் மனுவின் நகலை மாநில அரசின் மாவட்ட அதிகாரியான ஆட்சியருக்கும் வைப்பது நல்லது.