ஓடாத வீடியோ கேசட்டை மறுபடியும் டெக்கில் தள்ளாதீர்கள்

பழைய வீடியோ கேசட்டில் இருப்பதைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "அண்ணே, கல்யாண கேசட். வீட்டு டெக்குல நாலஞ்சு தடவை போட்டுப் பாத்தோம், ஓடவே இல்ல." அந்த நாலைந்து தடவைதான் எனக்குக் கவலை. கேசட் சும்மா பீரோவில் கிடந்து கெட்டதை விட, ஓடாத டெக்கில் திரும்பத் திரும்பத் தள்ளிக் கெட்டதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஃபுனாய் நிறுவனம் 2016-இல் நிறுத்தியதிலிருந்து வீட்டு வீடியோ கேசட்டை ஓட்டுகிற வி.ஹெச்.எஸ். டெக் புதிதாக வருவதில்லை. ஆனாலும் பழைய டெக்குகள் தேடினால் கிடைக்கும். தாத்தா பேசி நடந்து வருகிற காட்சியோ அந்த ஒரே நாடாவில்தான் இருக்கிறது.

அதனால் முதல் தடவை ஓடவில்லை என்றதும் நிறுத்திவிடுங்கள். கோளாறு கேசட்டிலா, டெக்கிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு, போனாலும் பரவாயில்லை என்கிற பழைய சினிமா கேசட் ஒன்று போதும். அதுவும் ஓடவில்லையா, டெக்கில்தான் கோளாறு. அது நன்றாக ஓடினால் கல்யாண கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துக் கவனமாகப் பாருங்கள்.

டெக் கேசட்டை வாங்கிக்கொண்டு, சில நொடி ஓடி, தானாக நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் ரப்பர்தான் காரணம். நாடாவைச் சுற்றிக்கொள்ளும் சக்கரம் சுழல்கிறதா என்று டெக் தன் சென்சார் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டும், சக்கரத்தைச் சுழற்றும் ஐட்லர் என்கிற சிறு ரப்பர் டயரும் கெட்டியாகி வழுக்கினால் சக்கரம் சுழலாது. நாடா உள்ளே குவிந்துவிடக் கூடாது என்று டெக்கே நிறுத்திவிடும். உங்கள் கேசட்டைக் காப்பாற்றத்தான் அது நிற்கிறது. அப்போது மறுபடி பிளே பொத்தானை அழுத்துவதுதான் வினை. பல வருடம் ஓடாமல் கிடந்த டெக்கில் இந்த ரப்பர் சாமான்களை மாற்றாமல் எந்தக் கேசட்டையும் போட வேண்டாம்.

சத்தம் நன்றாக வருகிறது, படம் மட்டும் பனி கொட்டுவது போல இருக்கிறது என்றால் நாடாவைப் படிக்கிற முனையான ஹெட்டில் அழுக்கு. சாதாரண டெக்கில் சத்தத்தைப் படிக்கிற ஹெட் தனி, படத்துக்கு டிரம் என்கிற சுழலும் உருளையில் உள்ள ஹெட் தனி. அந்த டிரம், நம் ஊரில் படம் பதியும் பால் (PAL) என்ற முறையில் நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும். அதன் ஹெட் நுனி அவ்வளவு மெல்லியது, பஞ்சு சுற்றிய குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் உடைந்துவிடும். ரூபாய் நோட்டை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்கிற பழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. தயவுசெய்து வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துணியை டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் வைத்து, மறு கையால் டிரம்மின் மேல்புறத்தைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். துணி நகரக் கூடாது, டிரம்தான் நகர வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகே கேசட்.

படமும் இல்லை, சத்தமும் இல்லை, ஆனால் உள்ளே சக்கரம் ஓடுகிறது என்றால் டி.வி.யை ஒரு தரம் பாருங்கள். ஏ.வி. இன்புட் தேர்ந்திருக்கிறதா? இப்போதைய எல்.இ.டி. டி.வி.க்கள் பலவற்றில் மூன்று நிறக் கம்பிக்கான நேரடித் துளை இல்லை, அதற்கென்று தனி இணைப்பி தேவை.

இனி புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயம். பிரான்சில் உறவினர் இருக்கும் வீடுகளில், அங்கே எடுத்த கல்யாணம், பிறந்தநாள் கேசட்டுகள் நிறைய. அவற்றை நம் டெக்கில் போட்டால் படம் ஓடும், ஆனால் கறுப்பு வெள்ளையாக வரும். "கலர் போயிடுச்சு" என்று தூக்கி எறியப் பார்க்கிறார்கள். நிறம் எங்கும் போகவில்லை. பிரான்சில் நிறத்தைப் பதிய செகாம் என்ற முறை, நமக்குப் பால் முறை. இரண்டிலும் 625 கோடு, நொடிக்கு 50 ஃபீல்டு (அரைப் படம்) என்பதால் படம் பொருந்திவிடுகிறது, நிறச் சங்கேதம் மட்டும் பொருந்துவதில்லை. டெக்கின் மேல் மீசெகாம் என்று எழுதியிருந்தாலும் அது வேறு, பிரெஞ்சுக் கேசட்டின் நிறத்தை அது காட்டாது. பிரெஞ்சு செகாமைப் படிக்கிற டெக்கும், அந்த நிறத்தைப் புரிந்துகொள்கிற பதிவுக் கருவியும் சேர்ந்தால்தான் நிறம் திரும்பும். கேசட்டை மாற்றித் தரச் சொல்லும்போது "இது பிரான்சில் எடுத்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையாகவே மாற்றி வாங்கிக்கொண்டு கேசட்டைக் குப்பையில் போட்ட குடும்பங்களை நினைத்தால் மனம் தாங்கவில்லை. அமெரிக்கக் கேசட் என்.டி.எஸ்.சி. முறை. அதற்கும் ஏற்ற டெக் வேண்டும், இல்லாவிட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும்.

கடலோரத்தில் அதிகம் பார்ப்பது பூசணம். கேசட்டின் சன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் தூளாகவோ, நூல் போலவோ தெரிந்தால் எந்த டெக்கிலும் போடக் கூடாது. ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டும். மூக்கில் முகக்கவசம் இல்லாமல் திறக்கவும் வேண்டாம். அந்தக் கேசட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து உலரவிட்டு, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். சூட்டில் கேசட்டின் கூடு நெளியும், நாடாவும் நெளியும்.

தண்ணீரில் நனைந்தவை வேறு கதை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று எத்தனை தடவை நம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது! வண்டல் காய்ந்து ஒட்டிய கேசட்டைக் கையால் சுழற்றிப் பார்ப்பதுகூட ஆபத்து, மண்துகள் நாடாவின் காந்தப் பூச்சைக் கீறிவிடும். பின்பக்கம் ஐந்து திருகாணிகள்தான். கழற்றி, சுருளை நல்ல தண்ணீரில் அலசி, காற்றில் உலரவிட்டு, வேறு நல்ல கேசட்டின் கூட்டுக்கு மாற்றினால் பலவற்றில் படம் மீள்கிறது. ஆனால் பழகிய கைக்கே விட்டுவிடுங்கள்.

நாடா டெக்கில் சிக்கிக்கொண்டால் கேசட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கத்தரியும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, மேல் மூடியைத் திறந்து, சிக்கிய நாடாவை மெல்ல விடுவிக்க வேண்டும். ஏற்கெனவே அறுந்திருந்தால் வீட்டு செலோ டேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து ஹெட்டில் படியும். நாடா ஒட்டுவதற்கென்றே டேப் இருக்கிறது, அதுவும் ஹெட்டில் படாத பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும்.

எல்லாம் சரியாகி ஓடத் தயாரான பிறகு, "ஒரு தரம் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றலாம்" என்று நினைக்காதீர்கள். முதலில் கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. பிறகு முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்யுங்கள், நாடா இரண்டாம் தரம் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பதிவான கோப்பை ஒரு ஹார்டு டிஸ்க்கில் மட்டும் வைக்காமல், இன்னொரு நகலை வெள்ளம் வராத ஊரில் இருக்கும் அண்ணன், தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள்.